தலை ஒண்ணு, காகிதப் பொட்டலம் ஒண்ணு

"தலை ஒண்ணு. காகிதப் பொட்டலம் ஒண்ணு." அந்த ரசீதுல இவ்வளவுதான் எழுதியிருக்கு. டோக்கியோல ஷினாகாவா ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி செங்காகுஜினு ஒரு பௌத்த கோயில், அங்க உள்ள சின்ன மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க. மளிகைக் கடைல சாமான் வாங்கிட்டு சீட்டு எழுதற மாதிரி ரெண்டு வரி, கீழ ரெண்டு பேர் பேரு. தலை கிரா யோஷினாகாங்கற சாமுராய் அதிகாரியோடது, வெட்டினது 47 ரோனின், அதாவது எஜமான இழந்த சாமுராய்ங்க. அவங்க அந்தத் தலைய தங்களோட எஜமானோட சமாதி முன்னாடி வச்சு கும்பிட்டப்புறம், கோயில்ல இருந்து ரெண்டு சாமியாருங்க அதைத் திரும்ப எடுத்துட்டுப் போய் செத்தவர் வீட்டுலயே ஒப்படைச்சிருக்காங்க, வாங்கிக்கிட்ட வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் ரசீது போட்டுக் குடுத்திருக்காங்க. சோதா மாகோபே, சைத்தோ குனாய்.

நான் போனது டிசம்பர் 14. அன்னிக்கு அங்க திருவிழா, உள்ள நுழையவே முடியாது, ஊதுபத்திக் கட்டு வாங்கி ஒவ்வொரு கல்லறைக்கா ஒண்ணொண்ணு வச்சுட்டே போறாங்க, புகை கண்ணக் கரிக்குது. கூட வந்த நண்பன் (என் ஆபீஸ்தான், மதுரைக்காரன்) வரிசைல நின்னு பக்தியா எல்லா கல்லறைக்கும் வச்சான். நானும் வச்சேன், அதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஆனா மியூசியத்துல அந்த ரசீதப் பாத்ததுக்கு அப்புறம் மனசு அங்கயே நின்னுடுச்சு. வீட்டுப் பெரியவரோட தலைய ஒரு பெட்டில கொண்டு வந்து குடுக்கறாங்க, வீட்ல யாரோ அதை வாங்கணும், எண்ணிப் பாத்து எழுதணும். அந்த வீட்டுக்குள்ள அப்ப யார் இருந்தா? வெளிய வரும்போது நண்பன்கிட்ட கேட்டேன். "அட விடு மச்சான், வில்லன் வீடு, எவன் இருந்தா என்ன"ன்னான். அவன் தப்பா ஒண்ணும் சொல்லல, முந்நூறு வருஷமா எல்லாருமே அப்படித்தான் நினைச்சிருக்காங்க. எனக்குத்தான் விட முடியல.

கதை எல்லாருக்கும் தெரியும், முழுசா சொல்லப் போறதில்ல. 1701 ஏப்ரல்ல எடோ (இன்னிக்கு டோக்கியோ) கோட்டைக்குள்ள, சக்கரவர்த்தியோட தூதர்கள் வந்திருக்கற நேரத்துல, ஆக்கோ பகுதியோட பிரபு அசானோ நாகானோரி கிராவ வெட்டப் பாத்தாரு, நெத்தியிலயும் முதுகுலயும் காயம், உயிர் போகல. அன்னிக்கு சாயங்காலமே அசானோவ செப்புக்கு (தன் வயித்தத் தானே கிழிச்சுக்கிட்டு சாகறது) பண்ண வச்சு, அவரோட 50,000 கொக்கு (அரிசி அளக்கற பழைய ஜப்பானிய அளவு) நெல் வருமானம் உள்ள நாட்டையும் புடுங்கிக்கிட்டாரு நாட்ட ஆண்ட ராணுவத் தலைவர், ஷோகன் சுனயோஷி, நாய்களக் கொன்னா தண்டனைனு சட்டம் போட்ட அதே சுனயோஷி. கிராவுக்கு ஒண்ணும் இல்ல. சண்டை போட்டா ரெண்டு தரப்புக்கும் தண்டனைங்கறது சாமுராய்ங்க மத்தியில பழைய வழக்கம், அது இங்க மீறப்பட்டுச்சுன்னு ஊரெல்லாம் முணுமுணுப்பு. ஏறக்குறைய ரெண்டு வருஷம் கழிச்சு, 1703 ஜனவரி கடைசில, விடியறதுக்கு முன்னாடி இருட்டுல, ஓய்ஷி குரானோசுகே தலைமைல அசானோவோட ஆளுங்க சுமிதா ஆத்துக்கு அந்தப் பக்கம் ஹோன்ஜோல இருந்த கிரா வீட்டுக்குள்ள புகுந்தாங்க. இவங்க பக்கம் ஒருத்தர் கூட சாகல. கிரா வீட்ல பதினஞ்சு பேருக்கு மேல செத்தாங்க, இருவது பேருக்கு மேல காயம்.

அந்தக் காயம் பட்டவங்கள்ல ஒருத்தன்தான் என் மனச அரிச்சுட்டே இருந்தவன்.

ரெண்டு பசங்க

கிராவோட மூத்த மகன் ரொம்ப முன்னாடியே உயெசுகி குடும்பத்துக்கு தத்துப் போயி, யோனெசாவாவோட பெரிய பிரபு ஆயிட்டாரு. கிரா வீட்டுக்கு வாரிசு இல்ல. அதனால அந்த மகனோட ரெண்டாவது பையன, அதாவது சொந்தப் பேரனையே, சின்ன வயசுல தத்து எடுத்து வளத்தாரு தாத்தா. பேரு கிரா யோஷிச்சிக்கா. அந்த ராத்திரி அவனுக்கு அவங்க கணக்குப்படி 17 வயசு. கணக்குப்படின்னு சொல்றது எதுக்குன்னா அப்ப ஜப்பான்ல பொறந்த உடனே ஒரு வயசு, புது வருஷம் பொறந்தா இன்னொண்ணு, நம்ம கணக்குல இன்னும் ஒண்ணு குறையும். ப்ளஸ் டூ படிக்கற பையன்னு வச்சுக்கோங்க. என் அக்கா பையனுக்கு நான் இதைப் படிச்ச சமயத்துல அதே வயசு, அவன் தூக்கத்துல இருந்து எந்திரிச்சு வர்ற மூஞ்சிதான் எனக்கு நியாபகம் வந்துச்சு.

இந்தப் பையன் ஓடல. நகினாதான்னு நீளக் கம்பு நுனில வளைஞ்ச கத்தி வச்ச ஆயுதம், அதை எடுத்துட்டு எதிர்த்து நின்னிருக்கான். மறுநாள் அரசாங்கத்துல இருந்து விசாரிக்க வந்தவங்ககிட்ட அவன் குடுத்த வாக்குமூலம் இருக்கு. நானும் நகினாதா வச்சு தடுத்தேன், ரெண்டு இடத்துல வெட்டு, கண்ணுக்குள்ள ரத்தம் எறங்கி மயக்கம் வந்துடுச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு நினைவு வந்ததும் தாத்தாவுக்கு என்ன ஆச்சோன்னு பயந்து அவர் ரூமுக்குப் போனேன், அதுக்குள்ள கொன்னுட்டாங்க. சாராம்சம் இவ்வளவுதான். நெத்தியில ஒரு காயம், முதுகுல ஒரு காயம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தாத்தாவுக்கு விழுந்த அதே ரெண்டு இடம். இதைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் புத்தகத்த மூடி வச்சுட்டேன்.

அதே ராத்திரி பின் வாசல் பக்கம் வந்த கூட்டத்துக்கு தலைவனா நின்னது ஓய்ஷி குரானோசுகேயோட மகன், ஓய்ஷி சிக்காரா. 15 வயசு. அந்தக் கூட்டத்துலயே சின்னப் பையன் அவன்தான். மூத்தவர் ஹோரிபே யாஹேக்கு எழுவதத் தாண்டிடுச்சு. சிக்காராவுக்கும் நான் ஊதுபத்தி வச்சேன், அவன் கல்லு முன்னாடி எப்பவுமே கொஞ்சம் கூட்டம் ஜாஸ்தி, அம்மாக்கள் நின்னு பாத்துட்டுப் போறாங்க. 15 வயசுப் பையன் அப்பா சொல்லிட்டாருன்னு, எஜமானுக்காக, செத்துப் போவோம்னு தெரிஞ்சே வந்தான். 17 வயசுப் பையன் தூக்கத்துல இருந்து எந்திரிச்சு தாத்தாவுக்காக நின்னான். இதுல யாரு நல்லவன்னு என்னால பிரிக்க முடியல, அந்தக் கேள்வியே அசிங்கமா இருக்கு. ஆனா பிரிச்சாங்க, அதுவும் ஒரே நாள்ல.

மார்ச் 20

தலைய வெட்டினதுக்கு அப்புறம் அந்த ஆளுங்களே சரணடைஞ்சாங்க. அவங்கள நாலு பிரபுக்களோட மாளிகைல பிரிச்சு வச்சாங்க. ஹோசொகாவா வீட்ல 17 பேர், மட்சுதைரா வீட்ல 10, மோரி வீட்ல 10, மிசுனோ வீட்ல 9. கூட்டினா 46 தான் வரும், 47-ஆவது ஆளு தெராசாகா கிச்சியெமோன் நடுவுல எங்கயோ பிரிஞ்சு போயிட்டாரு, ஏன்னு இன்னிக்கு வரைக்கும் அடிச்சுக்கறாங்க, அது தனிக் கதை. அரசாங்கத்துக்கு என்ன பண்றதுன்னு தெரியல. விசுவாசம்தான் சாமுராய்க்கு எல்லாம்னு சொல்லிக் குடுத்ததே இவங்கதான், இப்ப அந்த விசுவாசத்துக்காக சட்டத்த மீறி தலைநகரத்துலயே கூட்டமா போய் கொலை பண்ணியிருக்காங்க. விட்டா சட்டம் போச்சு, கொன்னா தர்மம் போச்சு. அறிஞர்கள் எல்லாம் ரெண்டா பிரிஞ்சு நின்னாங்க. முரோ கியூசோ அந்த வருஷமே அவங்கள நீதிமான்கள்னு புகழ்ந்து ஒரு வரலாறு எழுத ஆரம்பிச்சுட்டாரு. சாதோ நாவோகாதா நேர் எதிர், அசானோவ தண்டிச்சது கிரா இல்ல அரசாங்கம், அப்ப கிரா மேல என்ன பழின்னு கேட்டாரு. ஒக்யூ சொராய் சொன்னதா வர்ற கருத்துதான் கடைசில நடந்ததுக்கு ரொம்ப நெருக்கம்: அவங்க பண்ணது அவங்களுக்கு தர்மம், ஆனா அது சொந்த விஷயம், சொந்த விஷயத்துக்காக பொதுச் சட்டத்த ஒடைக்க விட்டா நாடு தாங்காது, அதனால குற்றவாளி மாதிரி தலைய வெட்டாம சாமுராய்க்கு உள்ள மரியாதையோட சாக விடுங்க. 1703 மார்ச் 20, 46 பேரும் நாலு மாளிகைலயும் செப்புக்கு பண்ணிக்கிட்டாங்க.

இது வரைக்கும் எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. அதே மார்ச் 20, யோஷிச்சிக்காவ கூப்பிட்டு அவனுக்கும் தீர்ப்பு சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி நீ நடந்துக்கிட்டது முறையில்ல. வீடு, நிலம், 4,200 கொக்கு வருமானம் எல்லாம் பறிமுதல். சுவாங்கற மலை ஊர்ல அந்த ஊர்ப் பிரபுவோட காவல்ல இருக்கணும். ரெண்டு வெட்டு வாங்கி மயங்கி விழுந்த பையனுக்கு, நீ ஏன் அங்கயே சாகலன்னு தண்டனை. என்ன முறை இல்லங்கறது தீர்ப்புல விளக்கமா இல்ல, விளக்க முடியாது, ஏன்னா காரணம் அந்த ராத்திரில இல்ல. 1701-ல ஒரு பக்கத்த மட்டும் தண்டிச்சதுக்கு ஜனங்க முணுமுணுத்தாங்கல்ல, அந்தக் கணக்க 1703-ல நேர் பண்ணிட்டாங்கன்னுதான் நான் நினைக்கறேன். தாத்தா செத்துட்டாரு, அதனால பேரன். ஷோகன் தன்னோட பழைய தீர்ப்பு தப்புன்னு வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல, அந்தத் தப்போட பாரத்த ஒரு பையன் தலைல ஏத்தி மலைக்கு அனுப்பிட்டாரு. இது என் கருத்து, மாத்துக் கருத்து உள்ளவங்க இருக்கலாம், ஆனா நான் எத்தனை தரம் திருப்பித் திருப்பி யோசிச்சாலும் வேற காரணம் கிடைக்கல.

அதே வருஷம், ஓசாகா

இதுக்கு நடுவுல இன்னொரு சாவு. மே 22, ஓசாகால சொனெசாகி தோப்புல சோயா சாஸ் கடை குமாஸ்தா தொக்குபேயும் தோஜிமால தென்மாயாங்கற வேசி வீட்டுல இருந்த பொண்ணு ஒஹாட்சுவும் ஒண்ணா செத்துப் போறாங்க. சரியா ஒரு மாசத்துல, ஜூன் 20, சிக்கமாட்சு மொன்சாயெமோன் எழுதின பொம்மலாட்டம் தாகெமோதோ அரங்குல ஏறிடுச்சு, அவங்க சொந்தப் பேர்லயே. கடன்ல முழுகிட்டு இருந்த அந்த அரங்கு இந்த ஒரே நாடகத்துல மீண்டு வந்துச்சுன்னு சொல்வாங்க. ஒரு குமாஸ்தாவையும் ஒரு வேசியையும் நாயகன் நாயகியா வச்சு, ஊர்ல போன மாசம் நடந்தத மேடைல காட்டினா ஜனங்க எப்படி அழுதிருப்பாங்க. அந்தத் தோப்பு இருந்த இடத்துல உள்ள கோயிலுக்கும் நான் போயிருக்கேன், உமேதா ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம், கடைங்களுக்கு நடுவுல சின்னதா இருக்கு, ரெண்டு பேருக்கும் சிலை வச்சிருக்காங்க, காதல் கைகூடணும்னு வேண்டிக்கிட்டுப் பொண்ணுங்க வர்றாங்க.

ஆனா 46 பேர் கதைய அப்படிப் போட முடியாது, அரசாங்கம் விடாது, சமீபத்துல சாமுராய் வீட்ல நடந்தத மேடைல காட்டத் தடை. அதனால பேர மாத்தி, காலத்த மாத்தி, நானூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுன்னு சொல்லித்தான் பின்னாடி போட்டாங்க, எல்லாரும் இன்னிக்குக் கொண்டாடற அந்த நாடகம் 1748-ல, முழுசா 45 வருஷம் கழிச்சு. தாமதமா வந்தாலும் வந்துச்சு. வருஷா வருஷம் டிசம்பர்ல வந்துட்டே இருக்கு. யோஷிச்சிக்காவ மையமா வச்சு யாராச்சும் அழ வச்சிருக்காங்களான்னு ஒரு ஜப்பானிய பெரியவர்கிட்ட கேட்டேன், ஆபீஸ்ல எனக்கு சீனியர், நாடகப் பைத்தியம். அவர் ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம் அந்தப் பேரோட எழுத்த எப்படி எழுதறதுன்னு என்னக் கேட்டாரு. அவர் மேல தப்பே இல்ல, வெள்ளைக்காரனக் கேட்டா தெரியாதுன்னா பரவால்ல, இத்தனை வருஷமா இதே கதைய அறுபது எழுபது தரம் பாத்தவருக்கே தெரியல.

சுவா

ரெண்டு வருஷம் கழிச்சு வேலை விஷயமா சுவா போக வேண்டி வந்துச்சு. நாகானோ மாநிலம், மலைக்கு நடுவுல ஒரு ஏரி, நான் போனது பிப்ரவரி, காது அறுந்து விழற குளிரு. அந்த ஏரி ஒறஞ்சு ஐஸ் வெடிச்சு வரப்பு மாதிரி எந்திரிக்கும், கடவுள் நடந்து போன தடம்னு சொல்வாங்க, அது வந்துச்சா இல்லையான்னு 1443-ல இருந்து வருஷம் வருஷமா எழுதி வச்சிருக்காங்க. அப்ப யோஷிச்சிக்கா இருந்த குளிர்காலங்களோட குறிப்பும் அதுல இருக்கும்னு நினைச்சுட்டே போனேன். அவன அடைச்சு வச்சது தாகாஷிமா கோட்டையோட தெற்குப் பகுதில. அந்த இடத்துக்கு இது புதுசு இல்ல, சுனயோஷி வம்சத்துல முதல் ஷோகனான இயெயாசுவோட சொந்த மகன் ஒருத்தர், மட்சுதைரா தாதாதெரு, அங்கயேதான் அம்பது வருஷத்துக்கும் மேல காவல்ல இருந்து 1683-ல செத்தாரு. அந்தக் காலத்துல ஏரித் தண்ணி கோட்டையச் சுத்தி வரைக்கும் இருந்துச்சாம், இப்ப ஏரி தள்ளிப் போயி நடுவுல வீடுங்களும் பார்க்கிங்கும் வந்துடுச்சு.

பையனோட கல்லறை சுவா பெரிய கோயிலோட மேல் சன்னதிக்குப் பக்கத்துல ஹொக்கெஜிங்கற பௌத்த கோயில்ல. பெரிய கோயில்ல நல்ல கூட்டம். நான் பக்கவாட்டுல இறங்கி இந்தப் பக்கம் வந்தா ஒருத்தர் இல்ல. பின்னாடி மேட்டுல ஏறணும், படியில பனி, ஷூ வழுக்குது, ஒரு கைல மரத்தப் பிடிச்சுட்டே போனேன். சீர் பண்ணாத ஒரு கல்லு, அவ்வளவுதான். செங்காகுஜில மாதிரி ஊதுபத்தி விக்கற ஆள் இல்ல, நானும் கொண்டு போகல. பக்கத்துல வச்சிருந்த விளக்கப் பலகைய மெதுவா எழுத்துக் கூட்டிப் படிச்சேன், எனக்கு பழைய பேருங்க படிக்கறது கஷ்டம், ஃபோன்ல ஒவ்வொரு எழுத்தா தேடித்தான் படிக்கணும். எடோல இருந்து பையன் கூட வர்றதுக்கு ரெண்டு பேருக்குத்தான் அனுமதி. ஒருத்தர் யமாயோஷி ஷின்பாச்சி, அந்த ராத்திரி சண்டைல வெட்டு வாங்கினவர். இன்னொருத்தர் பேர எழுத்துக் கூட்டி முடிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. சோதா மாகோபே.

ரசீதுல இருந்த பேரு. தலை ஒண்ணு, பொட்டலம் ஒண்ணுன்னு எழுதி வாங்கின ஆளு. ரெண்டு வருஷமா நான் அந்தச் சீட்ட மனசில்லாத ஒரு குமாஸ்தா எழுதின மாதிரியே நினைச்சுட்டு இருந்தேன், எப்படி ஒரு மனுஷன் இதை இப்படி சாமான் கணக்கா எழுத முடியும்னு கொஞ்சம் கோவம் கூட இருந்துச்சு. அந்த மனுஷன்தான் ரெண்டு மாசத்துக்குள்ள தான் வேலை பாத்த வீடு இடிஞ்சதப் பாத்து, சம்பளம் தர எஜமான் இல்லாம, பதவி இல்லாம, காயம் ஆறியும் ஆறாத ஒரு பையன் கூட பல்லக்குப் பின்னாடியே மலைக்கு நடந்து வந்திருக்காரு. விசுவாசம் விசுவாசம்னு டோக்கியோல அன்னிக்கு அவ்வளவு புகைக்கு நடுவுல நான் கேட்டேனே, அது இங்கயும் இருந்திருக்கு, எந்தச் சண்டையும் போடாம, யாரையும் வெட்டாம, ஒரு அறைக்கு வெளிய உக்காந்து காவல் காத்துட்டு. அந்தப் படியிலயே பனிய கையால தள்ளிட்டு உக்காந்துட்டேன், எவ்வளவு நேரம்னு தெரியல, விரல் எல்லாம் மரத்துப் போச்சு.

அங்க அந்த மூணு பேரும் என்ன பேசியிருப்பாங்க? 1703 முடியற அன்னிக்கு, டிசம்பர் 31 விடிய ரெண்டு மணி வாக்குல, எடோவையும் ஓதாவாராவையும் புரட்டிப் போட்ட பூகம்பம், போசோ கரைல சுனாமி, ஆயிரக்கணக்குல சாவு, கெட்ட காலம்னு வருஷப் பேரையே 1704-ல கென்ரோக்குல இருந்து ஹோயேன்னு மாத்திட்டாங்க. அந்தச் சேதி சுவாவுக்கும் வந்திருக்கும். 1704-லயே பையனோட சொந்த அப்பா உயெசுகி சுனனோரி போயிட்டாரு, அதே வருஷம் பாட்டியும். ரெண்டு சாவுக்கும் அவனால போக முடியாது. 1706 ஆரம்பத்துல, அந்த ஊர்க் குளிர்ல, அவனும் போயிட்டான், அவங்க கணக்குல 21 வயசு. அதோட கிராவோட நேர் வம்சம் முடிஞ்சுது. 1709-ல சுனயோஷி செத்ததும் பொது மன்னிப்பு வந்துச்சு, ரோனின் வீட்டுப் பசங்களுக்கும் மன்னிப்பு கிடைச்சுது, 1710-ல அசானோவோட தம்பிக்கு 500 கொக்கு குடுத்து குடும்பத்தத் திரும்ப நிமித்தினாங்க. மூணு வருஷம். இன்னும் மூணே வருஷம் அவன் தாக்குப் பிடிச்சிருந்தா.

திரும்பி டோக்கியோ வந்து நண்பன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், நிறுத்தாம ஒரு மணி நேரம், டீ ஆறிப் போச்சு. அவன் எதுவும் சொல்லல. ஆனா அந்த வருஷம் டிசம்பர் 14 அவனேதான் ஃபோன் பண்ணான், "வா மச்சான் போலாம், அந்தச் சீட்டக் காட்டு"ன்னான். போனோம். அதே புகை, அதே வரிசை, அவன் வழக்கம் போல எல்லா கல்லறைக்கும் வச்சான், சிக்காரா கல்லு கிட்ட ரெண்டு நிமிஷம் நின்னான். அப்புறம் மியூசியத்துக்குள்ள போய் கண்ணாடிக்கு முன்னாடி குனிஞ்சு, எந்தப் பேரு எந்தப் பேருன்னு கேட்டான். விரல வச்சுக் காட்டினேன். பின்னாடி வரிசைல நின்னவங்க நகரச் சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் அந்தக் கையெழுத்தயே பாத்துட்டு இருந்தோம்.